பதினோராம் இடத்தில் பாறைமேடு

செவ்வந்தி ஒரு வீட்டுக்குள் நுழைந்ததும் அவள் கண் தேடுவது, அங்கே தண்ணீர் எங்கெல்லாம் நிற்கிறது என்பதைத்தான். டிரம், சிமென்ட் தொட்டி, குடம், பூச்சட்டிக்கு அடியில் வைத்த தட்டு, பிரிட்ஜுக்குப் பின்னால் இருக்கும் சின்னக் கிண்ணம் என்று ஒன்று விடாமல் குனிந்து பார்ப்பாள். கொசுப்புழு நெளிந்தால் மருந்து விடுவாள். பிறகு நோட்டில் வீட்டு எண், தண்ணீர் பிடித்து வைத்திருக்கும் பாத்திரங்கள் எத்தனை, அவற்றில் புழு உள்ளவை எத்தனை என்று மூன்று கட்டங்களையும் நிரப்புவாள். ஒரு நாளைக்கு ஐம்பது வீடு.

புளியந்துறை நகராட்சியில் இந்த வேலைக்கு இருபத்திரண்டு பெண்கள் உண்டு. அவர்கள் நகராட்சியின் ஆட்கள் அல்ல. வருஷத்துக்கு ஒருமுறை நகராட்சி டெண்டர் விடும். இத்தனை வீடு, இத்தனை ஆள் என்று ஒரு ஏஜென்சியிடம் அந்த வேலையை வாங்கிக்கொள்ளும். ஏஜென்சி மாறும்போது யார் இருப்பார்கள், யார் போவார்கள் என்பது ஜூன் மாதம் முடிகிறவரை யாருக்கும் தெரியாது. ஊரில் அவர்கள் எல்லோருக்கும் ஒரே பெயர்தான். கொசு அம்மணி.

செவ்வந்தி படித்தது பி.எஸ்சி. கணிதம். அவள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அவள்தான். அதற்காகத் தாலுகா ஆபீசில் வாங்கிய முதல் பட்டதாரிச் சான்றிதழ் இன்னும் பிளாஸ்டிக் உறைக்குள் பத்திரமாக இருக்கிறது. அப்பா லாரியில் லோடு ஏற்றப் போன இடத்தில் தவறி எட்டு வருஷம் ஆகிறது. அம்மா பழனியாத்தாள் வெள்ளகோவில் ரோட்டில் ஒரு எண்ணெய் மில் களத்தில் தேங்காய்ப் பருப்பு காய வைக்கும் வேலைக்குப் போகிறாள். அரசு வேலைக்கான பரீட்சையை செவ்வந்தி இரண்டு முறை எழுதி, இரண்டு முறையும் சொற்ப மார்க்கில் விட்டாள். அடுத்த பரீட்சை வரும்வரைக்கும் என்று சேர்ந்த இந்த வேலை இரண்டரை வருஷமாக நீண்டுகொண்டிருக்கிறது.

முதல் மாதத்தில், கூடப் படித்த ஒருத்தி குடியிருக்கும் வீதி வந்தபோது அந்த வீட்டை மட்டும் தாண்டிப் போய்விட்டு, நோட்டில் 'பூட்டியிருந்தது' என்று எழுதினாள். அப்போது வெட்கப்பட்டது ஒரு பங்கு என்றால், அந்த வெட்கத்தை நினைத்துப் பிறகு வெட்கப்பட்டது பத்துப் பங்கு. படிப்பு தன்னை என்னவாக ஆக்கியிருக்கிறது என்று அவள் அடிக்கடி தன்னையே கேட்டுக்கொள்வாள். பதில் எதுவும் ஒரு வாரத்துக்கு மேல் நின்றதில்லை.

போன தை மாதம் நகராட்சிக்குப் பழைய குடிநீர்க் குழாய்களை மாற்ற நிதி வந்தது. மாற்ற வேண்டிய தெருக்கள் பதினொன்று. வந்த நிதி நான்கு தெருவுக்குத்தான் காணும். நகர்மன்றக் கூட்டத்தில் ஒவ்வொரு கவுன்சிலரும் தன் வார்டுதான் முதலில் என்றார். இரண்டு மணி நேரம் பேசியும் ஒன்றும் முடிவாகவில்லை. கடைசியில் ஆணையர், வீடு வீடாகக் கேட்டு, யாருக்குத் தேவை அதிகமோ அந்த வரிசையில் எடுத்துக்கொள்ளலாம் என்று சொல்லிக் கூட்டத்தை முடித்தார்.

இப்படிக் கேட்டு எழுதித் தருவதற்கென்றே கோயம்புத்தூரில் கம்பெனிகள் இருக்கின்றன. மூன்று கம்பெனிகளிடம் கொட்டேஷன் வாங்கினார்கள். ஆகக் குறைந்ததைப் பார்த்தாலே, அந்தத் தொகைக்கு ஒரு தெருவுக்குக் குழாய் போட்டுவிடலாம் போலிருந்தது. குடிநீர்ப் பிரிவின் உதவிப் பொறியாளர் புவனா, கோபிசெட்டிபாளையத்துக்காரர், மூன்று கொட்டேஷனையும் எடுத்து ஓரமாக வைத்தார். வாரா வாரம் எல்லா வீட்டுக்குள்ளும் போய் வருகிற இருபத்திரண்டு பேர் நம்மிடமே இருக்கிறார்களே என்று கேட்டார். ஏஜென்சி சூப்பர்வைசர் மறுத்தார். வேலை உத்தரவில் புழு பார்ப்பது மட்டும்தான் இருக்கிறது, தண்ணீர் விசாரிப்பது இல்லை என்றார். இரண்டு வாரத்துக்கு அதையும் வேலையாகக் கணக்கிடலாம் என்று ஆணையரிடம் ஒரு கடிதம் வாங்கிக் கொடுத்துத்தான் புவனா அவரைச் சம்மதிக்க வைத்தார்.

ஐந்து கேள்வி உள்ள ஒரு பாரம் அச்சடித்து வந்தது. கூட்ட அரங்கில் எல்லாரையும் உட்கார வைத்துப் புவனா ஒன்றை மட்டும் அழுத்திச் சொன்னார். ஜனங்கள் சொல்வதை அப்படியே எழுத வேண்டும், தனக்குத் தெரியும் என்பதற்காக யாரும் எதையும் சேர்த்து எழுதக் கூடாது. கணக்குப் படித்த பெண் என்று கேள்விப்பட்டு, எல்லாப் பாரங்களையும் கூட்டிப் பட்டியல் போடும் வேலையைச் செவ்வந்திக்குக் கொடுத்தார். அன்றைக்கு வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் செவ்வந்திக்குச் சைக்கிளை மிதித்ததே தெரியவில்லை.

அவள் பகுதியில் இரண்டு தெருக்கள் அந்தப் பதினொன்றில் இருந்தன. ஒன்று ஸ்ரீ நகர். அங்கே ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியர் அங்கப்பன், நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டு பதில்களை டிக்டேஷன் மாதிரிச் சொன்னார். பழனியாத்தாள் அவரைக் 'கவுண்டரய்யா' என்பாள். செவ்வந்திக்கு அவர் 'சார்'. தண்ணீர் வருவதே இல்லை என்று எழுதச் சொல்லி, அதற்கு அடிக்கோடும் போடச் சொன்னார். அவர் வீட்டு முற்றத்துக்கு அடியில் பெரிய சம்புத் தொட்டி இருக்கிறது, பின்னால் போர்வெல் இருக்கிறது. பாரத்தில் அதைப் பற்றிக் கேள்வி இல்லை. அவர் சொன்னபடியே அவள் எழுதினாள்.

இன்னொன்று பாறைமேடு. அவள் பிறந்து வளர்ந்த தெரு. அறுபத்துநான்கு வீடு. எல்லாம் மில்லுக்கும் தறிக்கும் காட்டு வேலைக்கும் போகிற குடும்பங்கள். ஊரிலேயே மேடான இடம் அதுதான் என்பதால், பத்து நாளைக்கு ஒருமுறை தண்ணீர் விடும்போது கீழே உள்ள தெருக்களெல்லாம் நிரம்பிய பிறகு, உச்சி வெயிலில், விரல் கனத்துக்கு ஒரு ஒழுக்கு மேலே ஏறி வரும். அந்த ஒழுக்கைப் பிடித்து வளர்ந்தவள்தான் செவ்வந்தி.

முதல் வீடு மாசாணத்தினுடையது. தேங்காய் லோடு ஏற்றுகிறவர். அப்பாவோடு ஒன்றாக வேலைக்குப் போனவர். அவளுக்கு மாமா முறை. பாரத்தில் உள்ளபடியே, தண்ணீர் போதுமான அளவு வருகிறதா என்று அவள் கேட்டாள்.

"வருது கண்ணு. போச்சாது, எழுதிக்க" என்றார்.

போச்சாது என்றால் பரவாயில்லை, இருக்கட்டும் என்று அர்த்தம். இரண்டாவது வீட்டிலும் அதையே சொன்னார்கள். மூன்றாவது வீட்டிலும் அதேதான். இருபதாவது வீட்டில் அவள் சந்தேகப்பட்டு இரண்டாம் முறை கேட்டபோது, குறை ஒன்றுமில்லை, மோர் குடித்துவிட்டுப் போ என்றார்கள். கடைசியில் தன் வீட்டு வாசலில் அம்மாவையே கேட்டாள். எல்லாரும் என்ன சொன்னார்களோ அதுதான் தனக்கும் என்று பழனியாத்தாள் முறத்தை விட்டுத் தலை நிமிராமல் சொன்னாள்.

பேனா ஒரு கணம் நின்றது. உண்மை என்ன என்று அவளுக்குத் தெரியும். ஆனால் தெரிந்ததைச் சேர்க்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறார்கள். அதுவும் இது சொந்தத் தெரு. நாளைக்கு ஒருவர், கூட்டிப் போட்டாள் என்று விரல் நீட்டிவிடக் கூடாது. 'போதும்' என்று எழுதினாள். சொந்தத் தெருவென்றும் பார்க்காமல் நேர்மையாக நடந்துகொண்டோம் என்று உள்ளுக்குள் கொஞ்சம் கர்வமும் இருந்தது. பின்னால் அவளை அதிகம் உறுத்தியது அந்தக் கர்வம்தான்.

பட்டியல் தயாரானது. ஸ்ரீ நகர் முதலிடம். பாறைமேடு பதினோராம் இடம். புவனா அதைப் பார்த்து, சுத்தமாகச் செய்திருக்கிறாய் என்று பாராட்டிவிட்டுக் கையெழுத்துப் போட்டு ஆணையருக்கு அனுப்பினார். நகர்மன்றக் கூட்டத்துக்கு ஒன்பது நாள் இருந்தது.

மறுநாள் மாலை பால் வாங்கப் போன இடத்தில் மாசாணம் அவளை நிறுத்தினார். தண்ணீர்க் கணக்கெல்லாம் ஒப்படைத்துவிட்டாயா என்று கேட்டார். பிறகு, "உன்ற வேலைக்கு ஒண்ணும் பங்கமில்லையே?" என்றார்.

அவளுக்கு அந்தக் கேள்வி புரியவில்லை. தன் வேலைக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டாள்.

"போன வருசம் சந்தைப்பேட்டைக் கொசு அம்மணிய எதுக்கு வேலையவுட்டு நிறுத்திப்போட்டாங்க? அவ போற வீதியில புழு சாஸ்தியா இருக்குது, குத்தங் கொறை சாஸ்தியா வருதுன்னுதான? நம்ம தெருவுல அறுபத்துநாலு ஊட்டுலயும் கொறைன்னு எழுதுனா உன்னையத்தான கேப்பாங்க? காண்ட்ராக்ட்டுல இருக்கற புள்ள. அதான் ஆளாளுக்கு நல்லபடியாச் சொல்லிப்போட்டோம்."

செவ்வந்திக்கு இப்போதுதான் விளங்கியது. கூடிப் பேசவில்லை, யாரும் யாருக்கும் சொல்லி வைக்கவில்லை. தண்ணீரில்லாத அறுபத்துநான்கு வீடு அவளுக்காகத் தண்ணீர் இருக்கிறது என்று சொல்லியிருக்கிறது. அவளை இதுவரை யாரும் இவ்வளவு பெரிதாக நினைத்ததில்லை. அதற்கு அவள் செய்த கைம்மாறு, அவர்களைப் பதினோராம் இடத்தில் கொண்டுபோய் வைத்தது.

அந்தக் கேள்விகள் குழாய் மாற்றுவதற்காக என்றும், பாறைமேடு கடைசியில் நிற்கிறது என்றும் அவள் விளக்கினாள். மாசாணம், அடுத்த நிதி எப்போது வரும் என்று கேட்டார். மூன்று வருஷம் ஆகலாம், ஐந்து வருஷமும் ஆகலாம் என்றாள்.

"போச்சாது. இத்தன நாளு இருந்தாச்சு."

"அந்த வார்த்தைய மட்டும் இனிச் சொல்லாதீங்க மாமா" என்றாள் செவ்வந்தி.

சொல்லிவிட்டாளே தவிர, என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. போய், பாரத்திலுள்ள பதில்கள் பொய் என்று சொன்னால், யார் நம்புவார்கள்? சொந்தத் தெருவுக்குக் குழாய் வராததால் மாற்றிப் பேசுகிறாள் என்பார்கள். சனிக்கிழமை, வேறொன்றும் தோன்றாமல், தன் புழு நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தாள். வழக்கமாக அதில் எல்லாரும் பார்ப்பது மூன்றாவது கட்டத்தை, புழு உள்ளவை எத்தனை என்பதை. அன்றைக்குத்தான் இரண்டாவது கட்டத்தைக் கூட்டிப் பார்த்தாள். ஸ்ரீ நகரில் ஒரு வீட்டுக்குச் சராசரியாக மூன்று பாத்திரம். பாறைமேட்டில் பதினொன்று. குழாயைத் திறந்தால் தண்ணீர் வருகிற வீட்டில், படுக்கிற இடத்தை அடைத்துக்கொண்டு யாரும் பதினோரு டிரம்மும் குடமும் வைத்திருக்க மாட்டார்கள். இரண்டரை வருஷமாக ஒவ்வொரு வாரமும் அவளே குனிந்து எண்ணி எழுதிய எண்கள். அவளே அவற்றைப் படிக்கவில்லை.

உடனே ஓடிப்போய்க் காட்ட வேண்டும் என்றுதான் இருந்தது. அப்போது அவள் தன்னையே ஒரு கேள்வி கேட்டாள். பதினோராம் இடத்தில் வேறொரு தெரு இருந்திருந்தால் இந்த நோட்டைத் திறந்திருப்பாயா? இல்லை என்றுதான் பதில் வந்தது. அந்தப் பதிலோடு தனியாகப் போய்ப் புவனாவின் முன்னால் நிற்க அவளுக்கு மனம் வரவில்லை.

சாஜிதா பேகத்திடம் போனாள். நாற்பது வயது, ஆறு வருஷமாக இந்த வேலையில் இருக்கிறவர். விஷயத்தைச் சொல்லி, பாறைமேட்டை நீங்கள் எண்ணுங்கள், உங்கள் தெருவை நான் எண்ணுகிறேன், மீதித் தெருக்களுக்கு மற்றவர்களின் நோட்டுகளை வாங்கிக் கூட்டிவிடலாம் என்றாள்.

"டிரம் எண்ணறதுக்கா உன்னைய பி.எஸ்சி. படிக்க வெச்சாங்க?" என்று சாஜிதா கேலி செய்தார். கேலி செய்துகொண்டே செருப்பை மாட்டினார்.

மூன்று நாளில் கணக்கு முடிந்தது. சாஜிதா எண்ணியதில் பாறைமேட்டுக்கு வந்ததும் அதே பதினொன்றுதான். ஆனால் சாஜிதாவின் பகுதியில் இருந்த தறிக்கார வீதியில் வீட்டுக்குப் பதினான்கு. இன்னொரு தெருவில் பன்னிரண்டு. அவை இரண்டும் பழைய பட்டியலில் எட்டாவதிலும் ஆறாவதிலும் கிடந்தவை. புதுப் பட்டியலில் பாறைமேடு மூன்றாவது. முதலிடம் வரவில்லையே என்று செவ்வந்திக்கு ஒரு நிமிஷம் ஏமாற்றமாக இருந்தது. அடுத்த நிமிஷம், நல்லவேளை முதலிடம் வரவில்லை என்று தோன்றியது.

புவனா புதுக் கணக்கைப் படித்தார். பழைய பட்டியலில் தான் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டது தெரியுமா என்று கேட்டார். தெரியும் என்றாள் செவ்வந்தி.

"உன் தெருவ யாரு எண்ணுனது?"

"சாஜிதாக்காங்க மேடம்."

அதன் பிறகுதான் நோட்டுகளைக் கொண்டு வரச் சொன்னார். ஆறு மாத நோட்டுகளைப் பென்சிலும் கையுமாகத் தானே உட்கார்ந்து சரிபார்த்தார். மத்தியானச் சாப்பாட்டு டப்பா திறக்காமலே இருந்தது. பிறகு ஆணையர் அறைக்குப் போனார். திரும்பி வந்து, அந்த ஐந்து கேள்விகளைக் கொட்டேஷனோடு வந்த மாதிரிப் பாரத்திலிருந்துதான் எடுத்தேன் என்றார். "வாசல்ல ஒரு புள்ள வந்து நின்னு குறை இருக்குதாங்கன்னு கேட்டா, நம்மூர்ல யாரு இருக்குதுன்னு சொல்லுவா? எனக்கே தோணியிருக்கோணும்." தப்பை அவர் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். அதைச் செவ்வந்தி இன்றைக்கும் நன்றியோடு நினைத்துக்கொள்கிறாள். அவர் ஒரு வார்த்தை மாற்றிச் சொல்லியிருந்தால் போதும், ஜூன் மாதம் ஏஜென்சியின் ஆள் பட்டியலில் அவள் பெயர் இருந்திருக்காது.

நகர்மன்றத்தில் சத்தம் இல்லாமல் இல்லை. ஆனாலும் பாத்திரக் கணக்கின்படி நான்கு தெருக்கள் தீர்மானமாயின. பாறைமேடு அதில் இருந்தது. ஸ்ரீ நகர் ஒன்பதாம் இடத்துக்குப் போனது.

அந்த வாரம் அங்கப்பன் வீட்டுக் கேட்டைச் செவ்வந்தி திறந்தபோது, எதிர்பார்த்தபடியே அவர் நாற்காலியில் காத்திருந்தார்.

"ஏனம்மணி, எங்களத் தூக்கி ஒம்பதாவதுல போட்டுட்டயாமா?"

"உங்க ஊட்டுல மூணு பாத்திரமுங்க சார். பாறைமேட்டுல ஊட்டுக்குப் பதினொண்ணுங்க."

"பதினொண்ணா? வெக்கறதுக்கு எடம்?"

"கட்டிலுக்கு அடியிலயும் இருக்குதுங்க."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துண்டில் துடைத்தார். பெட்டிஷன் போடத்தான் போகிறேன் என்றார். போடுங்க சார் என்றாள். அது அடுத்த நிதிக்கு, இப்போதைக்கு இல்லை என்று அவரே சொல்லிவிட்டு, சம்பு மூடி சரியாக உட்கார மாட்டேன் என்கிறது, பார்த்துவிட்டுப் போ என்றார்.

எல்லாம் முடிந்தது என்று அவள் நினைத்திருந்தபோது புவனா கூப்பிட்டனுப்பினார். ஃபைலில் பாறைமேட்டின் பழைய பாரங்கள் அறுபத்துநான்கும் இருக்கின்றன. அத்தனையிலும் 'போதும்' என்று எழுதியிருக்கிறது. போதும் என்று எழுதிக் கொடுத்த தெருவுக்கு எதற்குக் குழாய் என்று தணிக்கைக்கு வருகிறவர்கள் கேட்பார்கள். அதனால் பாறைமேட்டை மட்டும் மறுபடி விசாரிக்க வேண்டும், கேள்வி கேட்டு எழுதுவது வேறொருவராக இருக்க வேண்டும், பகுதிப் பணியாளர் என்ற முறையில் செவ்வந்தி சாட்சிக் கையெழுத்து மட்டும் போட வேண்டும் என்று ஆணையர் குறிப்பு எழுதியிருந்தார். அதன் பிறகுதான் குழாய் வேலைக்கு டெண்டர். இந்த முறையும் போதும் என்றே சொன்னால் பாறைமேட்டை விட்டுவிட்டு ஐந்தாவது தெருவை எடுத்துக்கொள்வார்கள்.

எல்லாரும் வீட்டில் இருப்பார்கள் என்று ஞாயிற்றுக்கிழமை காலையில் போனார்கள். சாஜிதாவின் கையில் பாரமும் பேனாவும். செவ்வந்தி இரண்டடி பின்னால் நின்றாள். முதல் வீடு மாசாணத்தினுடையது. தெருவில் பாதிப் பேர் அங்கேயே கூடிவிட்டார்கள்.

சாஜிதா கேள்வியைக் கேட்டார். மாசாணம் சாஜிதாவைப் பார்க்கவில்லை. செவ்வந்தியைப் பார்த்தார். தண்ணீர் வருகிறது என்று தொடங்கியவர் பாதியில் நிறுத்தினார்.

"நெசத்தச் சொன்னா இவ வேலைக்கு ஒண்ணும் ஆகாதுங்களா?" என்று சாஜிதாவிடம் கேட்டார்.

ஆகாது என்று சாஜிதா சொல்லியிருப்பார். செவ்வந்தி முந்திக்கொண்டாள்.

"ஆகுமா ஆகாதான்னு எனக்கே தெரியாதுங்க மாமா. ஜூன்ல டெண்டர் மாறுது. அது உங்க கையிலயும் இல்லை, என்ற கையிலயும் இல்லை. ஆனா இன்னிக்கு நீங்க போதும்னு சொன்னீங்கன்னா குழாய் வராது. அது நல்லாத் தெரியும். எனக்கோசரம் நீங்க சொன்னதுக்கு நான் என்ன செய்யறதுன்னே தெரியலீங்க. இப்ப உங்களுக்கோசரம் சொல்லுங்க."

கூட்டத்தில் பழனியாத்தாளும் நின்றிருந்தாள். அவள்தான் முதலில் வாயைத் திறந்தாள். பத்து நாளைக்கு ஒருமுறை, அதுவும் மத்தியானம், களத்து வேலையை விட்டுவிட்டு ஓடி வந்து பிடிக்க வேண்டியிருக்கிறது, அன்றைக்குக் கூலி போகிறது, எழுதிக்கொள்ளுங்கள் என்றாள். பெற்ற தாயே சொல்லிவிட்டாள் என்றதும் மற்றவர்களுக்கும் தடை விட்டுப் போனது. குழாயில் மண் வருகிறது. ஒரு குடம் நிறையக் கால் மணி நேரம். கலியாணம் என்றால் தண்ணீர் லாரிக்கு ஒரு வாரம் அலைய வேண்டும். சாஜிதா எழுதி எழுதிக் கையை உதறினார். பாரத்தில் கொடுத்த இடம் போதாமல் பின்பக்கமும் எழுதினார். தண்ணீரோடு நிற்கவும் இல்லை. தெருவிளக்கு வந்தது, நாய் வந்தது, கோவில் முக்கில் அள்ளாத குப்பை வந்தது. இரண்டரை வருஷமாக வாரா வாரம் இந்த வாசல்களில் நின்றவளுக்கு, இந்தத் தெருவில் இத்தனை கோபம் இருந்தது அன்றைக்குத்தான் தெரிந்தது.

மாசாணத்தின் பாரம்தான் கடைசியில் முடிந்தது. வேறு ஏதாவது உண்டா என்று சாஜிதா கேட்டபோது அவர் தாடையைச் சொறிந்தார்.

"ஒண்ணு இருக்குதுங்க. இந்தக் கொசு அம்மணி காலங்காத்தால ஆறரைக்கு வந்து கதவத் தட்டறா. நேரங் கழிச்சு வரச் சொல்லுங்க. லோடு ஏத்திப்போட்டு வந்து அப்பத்தான் படுத்திருப்பேன்."

தெருவே சிரித்தது. இதையும் எழுதட்டுமா என்று சாஜிதா செவ்வந்தியைத் திரும்பிப் பார்த்தார்.

"எழுதுங்கக்கா. சொன்னத அப்படியே எழுதோணும்."

சாஜிதா எழுதி முடித்துப் பாரத்தை நீட்டினார். செவ்வந்தி தன்மேல் வந்திருக்கும் அந்தப் புகாரை இரண்டு முறை படித்தாள். கண் கொஞ்சம் மங்கியதால் சாட்சி என்று போட்டிருந்த இடத்தைத் தேட வேண்டியிருந்தது. தேடிப் பிடித்துக் கையெழுத்துப் போட்டாள்.